பாக்கெட் மூலையில் டூல் கத்துகிறது: எந்த டூல்பாத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:

வணக்கம் சார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோவையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் கேம் ப்ரோக்ராம் (மெஷினில் டூல் ஓட வேண்டிய வழியைக் கணினியில் அமைப்பது) போடுகிறேன். ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். இப்போது ஒரு ஜாப் வந்திருக்கிறது. 6061 அலுமினியம், 30 மி.மீ. தகடு. அதில் 120-க்கு 80 அளவில், 20 மி.மீ. ஆழத்தில் ஒரு பாக்கெட் (குழி). மூலைகளில் 5 மி.மீ. ஆரம். நடுவில் 20 மி.மீ. விட்டத்தில் ஒரு பாஸ் (வெட்டாமல் விட வேண்டிய உருளைத் திட்டு) நிற்கிறது. ஒரு சுவரிலிருந்து 12 மி.மீ. அகல வாய்க்கால் ஒன்று, அதே ஆழத்தில், தகட்டின் ஓரம் வரை போகிறது.

10 மி.மீ. கார்பைட் எண்ட்மில் (சுழன்று வெட்டும் டூல்), மூன்று ஃப்ளூட் (வெட்டும் பல்), 6000 ஆர்பிஎம், ஃபீட் (டூல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1000 மி.மீ. மெஷின் 8000 ஆர்பிஎம் வரை போகும். முதலில் டூ-டி பாக்கெட் என்ற டூல்பாத் (டூல் ஓடும் பாதை) போட்டேன், ஸ்டெப்-டவுன் (ஒரு முறைக்கு இறங்கும் ஆழம்) 2, ஸ்டெப்-ஓவர் (பக்கவாட்டில் வெட்டும் அகலம்) 5. ஒவ்வொரு மூலையிலும் டூல் கத்துகிறது. ஆபரேட்டர் அண்ணன் ஃபீட் ஓவர்ரைடில் (ஃபீட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழில்) கை வைத்துக்கொண்டே நிற்கிறார். இரண்டு டூல் உடைந்துவிட்டது. "எல்லாத்துக்கும் அடாப்டிவ் போடு" என்று சிலர் சொன்னார்கள். அதே எண்களை வைத்து டூ-டி அடாப்டிவ் போட்டால், 24 நிமிடத்தில் முடிந்த வேலை 31 நிமிடம் ஆகிறது. வாய்க்காலுக்குள் டூல் போகவே இல்லை. சிமுலேஷனில் பாஸ் காணாமல் போகிறது. த்ரீ-டி அடாப்டிவ் போட்டால் மட்டும் பாஸ் தப்பிக்கிறது. ஃபினிஷிங் ஓட்டத்தில் (கடைசி மெல்லிய வெட்டில்) மூலைகளில் வரிவரியாக அலை விழுகிறது. இதற்கு எந்த டூல்பாத் சரி என்று சொல்லுங்கள் சார்.

பதில்:

தம்பி, எண்களோடு எழுதியதற்கு முதலில் நன்றி. அதனால்தான் என்னால் ஊகிக்காமல் பதில் சொல்ல முடிகிறது.

உங்கள் கடிதத்தில் ஐந்து தொந்தரவுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மூலையில் சத்தம், கூடிப்போன நேரம், டூல் போகாத வாய்க்கால், காணாமல் போன பாஸ், ஃபினிஷிங்கில் அலை. இவற்றில் டூல்பாத் தேர்வால் வந்தது முதலாவது மட்டும்தான். மற்ற நான்குக்கும் காரணம் வேறு வேறு. அதனால்தான் டூல்பாத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் ஒன்று சரியானால் இன்னொன்று கெட்டுப்போகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

மூலையில் வரும் சத்தத்திலிருந்து தொடங்குவோம். ஓடுகிற டூலை மேலிருந்து பாருங்கள். அதன் வட்டத்தில் எவ்வளவு பகுதி உலோகத்துக்குள் இருக்கிறது? அதைக் கோணமாகச் சொல்லலாம். 10 மி.மீ. டூலுக்கு ஸ்டெப்-ஓவர் 5 என்றால், நேர்க்கோட்டில் ஓடும்போது அந்தக் கோணம் 90 டிகிரி. டூ-டி பாக்கெட் என்ன செய்கிறது? பாக்கெட்டின் எல்லைக் கோட்டை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளி வரைந்து, அந்தக் கோடுகளின் மேலேயே டூலை ஓட்டுகிறது. செவ்வகத்தின் மூலைக்கு வரும்போது, பக்கவாட்டில் வெட்டிக்கொண்டிருந்த டூலுக்கு முன்பக்கமும் உலோகம் வந்துவிடுகிறது. 90 டிகிரி மூலையில் கோணம் இன்னொரு 90 டிகிரி கூடி 180 ஆகிறது. அதாவது அந்த ஒரு நொடியில் டூல் முழு ஸ்லாட் போடுகிறது, தன் முழு அகலத்துக்கும் வெட்டுகிறது. ஃபீட் மாறவில்லை, ஆர்பிஎம் மாறவில்லை, டூல் மீது விழும் பாரம் மட்டும் சட்டென்று கூடுகிறது. டூல் வளைகிறது, பிறகு விடுபடுகிறது, மறுபடி வளைகிறது. நீங்கள் கேட்கும் கத்தல் அதுதான். பாக்கெட்டுக்குள் இறங்கியவுடன் போடும் முதல் சுற்றிலும் இதே 180 டிகிரிதான். எப்போதும் அந்த இடத்திலேயே டூல் முறிந்தால், காரணத்தை வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஆபரேட்டர் அண்ணன் மூலை வரும்போது ஃபீட்டைக் குறைப்பது புரிகிறது, யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் உங்கள் ஃபீட் ஏற்கெனவே குறைவு. 1000-ஐ 6000 ஆர்பிஎம்மாலும் மூன்று ஃப்ளூட்டாலும் வகுத்தால் ஒரு பல்லுக்கு 0.056 மி.மீ. வருகிறது. ஓவர்ரைடைப் பாதியாக்கினால் 0.028. அந்த அளவில் பல் வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம். தேய்த்தால் சூடு, சூடானால் அலுமினியம் பல்லின் முனையில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய டூல் அடுத்த மூலையில் இன்னும் மோசமாக வெட்டும். இன்னொரு டூலை உடைப்பதற்கு முன், உடைந்த டூலின் பல்லை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளியாக ஏதாவது பூசியது போல ஒட்டியிருந்தால் நான் சொல்வது சரி. அந்த நேரத்தில் கை வைக்க வேண்டிய குமிழ் ஸ்பிண்டில் ஓவர்ரைட். ஆர்பிஎம்மைப் பத்து, இருபது சதவீதம் இறக்கிப் பாருங்கள், பல நேரம் கத்தல் அடங்கும். அப்படியே டூல் கோட்டிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டீலுக்கென்று வாங்கி வைத்த, டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசிய கருநிற எண்ட்மில்லை அலுமினியத்துக்குப் போடுவது நிறையப் பட்டறைகளில் நடக்கிறது. பூச்சிலேயே அலுமினியம் இருப்பதால் ஒட்டல் கூடும். கோட்டிங் இல்லாத, பளபளப்பாகத் தீட்டிய ஃப்ளூட் உள்ள டூல் போதும், விலையும் குறைவு.

சரி, மூலையில் கோணம் கூடுவதைத் தடுக்கத்தான் அடாப்டிவ் வந்தது. எச்எஸ்எம்வொர்க்ஸ் என்ற டென்மார்க் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்தது அது. 2012-இல் ஆட்டோடெஸ்க் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு ஃபியூஷனுக்குள் வந்தது. மாஸ்டர்கேமில் டைனமிக் மில் என்றும் சாலிட்கேமில் ஐமெஷினிங் என்றும் வேறு பெயர்களில் இதே குடும்பத்து டூல்பாத்கள் இருக்கின்றன. கணக்கிடும் விதம் வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றுதான். எல்லைக் கோட்டைப் பின்பற்றுவதை விட்டுவிட்டு, டூல் உலோகத்துக்குள் இருக்கும் கோணம் ஒரு வரம்புக்கு மேல் போகாதபடி பாதையை வளைத்துக்கொள்வது. மூலை வந்தால் நேராகப் பாயாமல், சிறுசிறு வளைவாகச் சீவிச் சீவி உள்ளே போகும்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் நேரம் கூடியது? எண்களை மாற்றாமல் டூல்பாத்தை மட்டும் மாற்றியதால். கணக்கைப் பாருங்கள். ஸ்டெப்-டவுன் 2, ஸ்டெப்-ஓவர் 5, ஃபீட் 1000. மூன்றையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 10 கன செ.மீ. உலோகம் போகிறது. பாஸைக் கழித்தால் உங்கள் பாக்கெட் சுமார் 185 கன செ.மீ. எந்த டூல்பாத் போட்டாலும் வெட்டுவதற்கு மட்டுமே பதினெட்டரை நிமிடம் ஆகும். அடாப்டிவில் ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு டூல் வெட்டாமல் திரும்பி வர வேண்டும். அந்த வெற்று ஓட்டமும் கூடுவதால் 24 நிமிடம் 31 ஆனது. இது தவிர, 20 மி.மீ. ஆழத்தைப் பத்துப் படியாக இறக்கும்போது, டூலின் அடி 2 மி.மீ. மட்டுமே பத்து முறையும் தேய்கிறது. மேலே உள்ள 20 மி.மீ. வெட்டும் முனை புதிதாக அப்படியே இருக்க, டூல் குப்பைக்குப் போகிறது.

அடாப்டிவுக்கு எண்களைத் தலைகீழாக்க வேண்டும். ஆழம் முழுவதும், அகலம் கொஞ்சம். உங்கள் ஜாப்புக்கு நான் தொடங்கும் எண்கள் இவை: ஸ்டெப்-டவுன் தரை வரை ஒரே இறக்கம், ஆப்டிமல் லோடு (அடாப்டிவில் பக்கவாட்டில் வெட்டும் அகலம்) 1.5 மி.மீ., 8000 ஆர்பிஎம், ஃபீட் 2400. ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. ஆகிறது. பார்த்தவுடன் பயமாக இருக்கும். ஆனால் ஆப்டிமல் லோடு விட்டத்தில் 15 சதவீதம் என்பதால், தொடும் கோணம் சுமார் 46 டிகிரிதான். அந்தச் சின்னக் கோணத்தில் பல் முழுத் தடிமனில் சிப் (உலோகச் சீவல்) எடுப்பதற்குள் வெளியே வந்துவிடுகிறது. உண்மையில் சிப்பின் அதிகபட்சத் தடிமன் 0.07 மி.மீ. அளவுக்குத்தான் வரும். 2400 என்ற ஃபீட் துணிச்சலான எண்ணாகத் தெரிந்தாலும், பல்லுக்கு அது நிதானமான வெட்டுதான். இப்போது பெருக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 கன செ.மீ. காகிதத்தில் மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. வெற்று ஓட்டமும் இறங்கும் நேரமும் சேர்ந்து இரண்டு மடங்கானாலும், நீங்கள் இப்போது செலவழிப்பதில் நான்கில் ஒரு பங்குதான். ஸ்பிண்டிலுக்கும் இது பெரிய சுமை இல்லை, அலுமினியத்தில் இந்த அளவு வெட்டுக்கு ஒரு கிலோவாட் பக்கமாகத்தான் கேட்கும்.

முதல் ஜாப்பில் நேராக 1.5-க்குப் போக வேண்டாம். 1 மி.மீ. வைத்து ஓட்டுங்கள், சத்தத்தைக் கேளுங்கள், பிறகு ஏற்றுங்கள்.

முழு ஆழத்தில் இறங்குவதற்கு முன் பட்டறையில் நேரில் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. கணினித் திரையில் இவை தெரியாது. முதலாவது, டூலின் வெட்டும் நீளம். டிஐஎன் 6527 என்ற ஜெர்மன் தரத்தின் நீள வகையில் 10 மி.மீ. எண்ட்மில்லுக்கு வெட்டும் நீளம் 22 மி.மீ. உங்களுக்கு அது போதும். ஆனால் கையில் இருப்பது குட்டை வகையாக இருந்தால் ஃப்ளூட் முடிந்து ஷாங்க் (பல் இல்லாத தண்டு) சுவரில் உரசும். அளந்துவிட்டு ப்ரோக்ராம் போடுங்கள். இரண்டாவது, ஹோல்டரிலிருந்து டூல் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பது. வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 28 மி.மீ. நீட்டினால் போதும் என்ற இடத்தில் 40 நீட்டினால், அதே விசைக்கு டூல் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். நேர்க்கோட்டில் ஓடும்போதும் விடாமல் கத்துகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மூன்றாவது, டூலைக் கவ்விப் பிடிக்கும் கோலட். முழு ஆழத்தில் ஓடும்போது ஃப்ளூட்டின் சுருள் டூலைக் கீழ்நோக்கி இழுக்கும். அழுக்குப் படிந்த, தேய்ந்த கோலட்டில் டூல் மெல்ல மெல்ல வெளியே வந்து, தரை படத்தில் உள்ளதைவிட ஆழமாகிவிடும். கோலட்டைத் துடைத்துவிட்டு இறுக்குங்கள். ரஃபிங்கில் (பெரும்பகுதி உலோகத்தை எடுக்கும் முதல் வெட்டில்) தரைக்கும் 0.3 மி.மீ. விட்டு வையுங்கள்.

சிப் வெளியேறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் சுவர் நிற்கும் பாக்கெட்டில் நிமிடத்துக்கு 72 கன செ.மீ. வெட்டினால், அது சிப்பாக உதிர்ந்து பல மடங்கு இடத்தை அடைக்கும். அதை டூல் மறுபடி மறுபடி மென்றால் எந்த டூல்பாத்தும் உதவாது. கூலன்ட் நாசிலை நேராக டூலின் அடிக்குத் திருப்புங்கள். வலுவான காற்று இருந்தால் இன்னும் நல்லது.

டூல் உள்ளே இறங்கும் இடத்தையும் கவனியுங்கள். பாஸுக்கும் நீளமான சுவருக்கும் நடுவில் உங்களுக்கு 30 மி.மீ. இடம் இருக்கிறது. ஹீலிக்ஸ் (டூல் சுருளாக இறங்கும் பாதை) விட்டம் 9.5 வைத்தால் 19.5 மி.மீ. துளை போல வெட்டிக்கொண்டு இறங்கும், தாராளமாக இடம் போதும். 2 டிகிரி சாய்வில் ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. சொச்சம் இறங்கும். 20 மி.மீ. இறங்க இருபது சுற்றுக்கும் குறைவு, 1200 ஃபீட்டில் அரை நிமிடம். நேராகக் குத்தி இறக்க மட்டும் வேண்டாம்.

அடுத்தது வாய்க்கால். இதில் மென்பொருளின் மேல் பழி இல்லை. 12 மி.மீ. வாய்க்காலில் 10 மி.மீ. டூலின் மையம் நகர இருக்கும் அகலம் 2 மி.மீ. சுவருக்கு இரண்டு பக்கமும் 0.3 விட்டால் 1.4 மி.மீ. மிஞ்சும். அடாப்டிவ் வட்டமிட்டுச் சீவுகிற டூல்பாத். 1.4 மி.மீ. அகலத்தில் அது போடக்கூடிய வட்டத்தின் ஆரம் 0.7. 'மினிமம் கட்டிங் ரேடியஸ்' என்ற இடத்தில் உங்களுக்கு 1 மி.மீ. இருந்தால், அந்த வாய்க்கால் அதன் கண்ணில் வழியே இல்லை. பெரிதாக எச்சரிக்காமல் விட்டுவிட்டுப் போய்விடும். ஹீலிக்ஸ் இறக்கத்திலும் இதே கதைதான். 'மினிமம் ராம்ப் டயாமீட்டர்' அளவுக்கு இடம் இல்லாத மூடிய பகுதியை அடாப்டிவ் தொடாது. ஒரு ஜாப்பில் பல பாக்கெட்டுகள் இருந்து, சின்னது மட்டும் வெட்டப்படாமல் நின்றால் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

சிலர் அந்த ஆரத்தை 0.1 என்று குறைத்து டூலை உள்ளே தள்ளிவிடுவார்கள். டூல் போகும், ஆனால் முழு ஸ்லாட்டாகப் போகும். முழு ஆழத்தில் 2400 ஃபீட்டில் அதைச் செய்தால் டூல் போய்விடும். வாய்க்காலுக்குச் சின்ன டூல்தான் சரியான வழி. 8 மி.மீ. டூல் போட்டால் மையம் நகர 3.4 மி.மீ. கிடைக்கிறது, வட்டத்தின் ஆரம் 1.7. அடாப்டிவ் வசதியாக உள்ளே போகும். எப்படியும் ஃபினிஷிங்குக்கு உங்களுக்கு 8 மி.மீ. டூல் தேவைப்படும், ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆகவே மேகசினில் கூடுதலாக ஒரு டூல் ஏற்றுவதாகக் கணக்குப் பார்க்க வேண்டாம். இந்த ஆபரேஷனில் ரெஸ்ட் மெஷினிங்கைப் போட்டு, முந்தைய 10 மி.மீ. டூல் விட்டுச்சென்ற இடத்தை மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.

வாய்க்காலின் வாய் தகட்டின் ஓரத்தில் திறந்திருக்கிறது. ஆனால் நீங்கள் மூடிய வளையமாகத் தேர்ந்தெடுத்தால், அந்தத் திறந்த வாயையும் டூல்பாத் சுவராகவே எடுத்துக்கொள்ளும். வாயின் இரண்டு மூலைகளிலும் உலோகம் வளைவாக மிஞ்சும். ஸ்கெட்சில் அந்த வளையத்தைத் தகட்டுக்கு வெளியே 6, 7 மி.மீ. நீட்டி வரைந்து அதைத் தேர்ந்தெடுங்கள். அல்லது 'ஸ்டாக் கான்டூர்ஸ்' பெட்டியை டிக் செய்து தகட்டின் வெளி எல்லையைக் காட்டுங்கள். அப்போது உலோகம் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியும், வெளியிலிருந்தே வெட்டிக்கொண்டு உள்ளே வரும். முழுப் பக்கமும் திறந்த பாக்கெட் எதிர்காலத்தில் வந்தால் இதை மறக்காதீர்கள். வெளியிலிருந்து நுழைய வழி இருக்கும்போது நடுவில் ஹீலிக்ஸ் போட்டு இறங்குவது நேரத்துக்கும் டூலுக்கும் நஷ்டம்.

பாஸ் காணாமல் போனது எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் கவலை தந்த விஷயம். சிமுலேஷனில் கண்டுபிடித்ததால் ஒரு தகடு தப்பியது. டூ-டி ஆபரேஷன்களுக்கு மாடல் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த கோடுகளும், ஹைட்ஸ் பக்கத்தில் கொடுத்த உயரங்களும்தான் அவற்றுக்குத் தெரியும். வெளி எல்லையை மட்டும் தேர்ந்தெடுத்தால், நடுவில் நிற்கும் பாஸ் அவற்றுக்கு வெறும் உலோகம். பாஸின் அடி வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள், உள்ளே இருக்கும் வளையத்தைத் தீவாக எடுத்துக்கொண்டு சுற்றிப் போகும். விளிம்பைத் தொடுவதற்குப் பதில் பாக்கெட்டின் தரையை முகமாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வளையங்களும் சேர்ந்தே வரும். த்ரீ-டி அடாப்டிவ் மாடலைப் பார்த்து ஓடுவதால் அதில் பாஸ் தானாகத் தப்பித்தது.

அப்படியானால் எப்போதும் த்ரீ-டியே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். சாய்ந்த சுவர், வளைந்த தரை, வெவ்வேறு உயரத்தில் படிகள் இருக்கும் வேலைக்குத் தாராளமாகப் போடுங்கள். நேர்ச்சுவரும் தட்டைத் தரையும் உள்ள உங்கள் பாக்கெட்டுக்கு டூ-டி போதும். எங்கே வெட்ட வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும், கணக்கிடும் நேரமும் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும். கிளாம்பும் வைஸ் தாடையும் டூ-டிக்குத் தெரியாதது போலவே, நீங்கள் செட்டப்பில் ஃபிக்ஸ்ச்சராகக் காட்டாதவரை த்ரீ-டிக்கும் தெரியாது.

உயரங்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பாக்கெட்டின் மேல் விளிம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாட்டம் ஹைட்டை 'செலக்டட் கான்டூர்' என்றே விட்டால், தரையும் மேல் விளிம்பிலேயே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். டூல் தகட்டின் மேற்பரப்போடு நின்றுவிடும், இல்லையென்றால் டூல்பாத்தே வராது. கீழ் விளிம்பைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஃபினிஷிங்கில் விழும் அலை. மூலை ஆரம் 5, டூலின் ஆரமும் 5. டூல் மூலைக்குள் போய்ச் சரியாகப் பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது. நேர்ச்சுவரில் ஒரு சின்னக் கோணத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்த டூல், மூலையில் கால் வட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. அதோடு மையம் அந்தப் புள்ளியில் நின்று திரும்ப வேண்டியிருப்பதால் ஒரு கணம் தேய்க்கவும் செய்கிறது. இதற்குமேல் ரஃபிங் அங்கே கூடுதல் உலோகத்தை வேறு விட்டுச்சென்றிருக்கிறது. சுவரில் 0.3 விட்டிருந்தாலும், 1 மி.மீ. மினிமம் ஆரத்தோடு ஓடிய அடாப்டிவ் மூலையில் 6 மி.மீ. ஆரத்தைத்தான் விடும். மூலைவிட்டத்தில் அளந்தால் சுமார் 0.8 மி.மீ. மிச்சம் இருக்கும். சுவரில் உள்ளதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அலை விழாமல் என்ன செய்யும்?

மூலை ஆரத்தைவிடச் சின்ன ஆரம் உள்ள டூலை ஃபினிஷிங்குக்கு எடுங்கள். இங்கே 8 மி.மீ. டூல் சரி. முதலில் அந்த டூலால் ரெஸ்ட் மெஷினிங்கில் வாய்க்காலையும் நான்கு மூலைகளையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு தரை. பிறகு எல்லைக் கோட்டை ஒட்டி ஓடும் டூ-டி கான்டூர் போட்டுச் சுவர். 8 மி.மீ. டூலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதே நீள வகையில் அதன் வெட்டும் நீளம் 19 மி.மீ.தான், உங்கள் ஆழம் 20. வெட்டும் நீளம் 25 உள்ள டூல் வாங்குங்கள். அதுவரை சுவரை இரண்டு இறக்கமாகப் போடலாம், ஆனால் ஷாங்க் உரசாத டூலாக, கழுத்து தேய்த்ததாக இருக்க வேண்டும்.

சின்ன டூல் போட்டாலும் மூலையில் ஃபீட் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ப்ரோக்ராமில் நாம் கொடுக்கும் ஃபீட் டூலின் மையத்துக்கு. 8 மி.மீ. டூல் 5 மி.மீ. ஆர மூலையில் திரும்பும்போது மையம் 1 மி.மீ. ஆரத்தில் போகிறது, வெட்டும் விளிம்பு 5 மி.மீ. ஆரத்தில் போகிறது. மையத்தைவிட விளிம்பு ஐந்து மடங்கு வேகம். கன்ட்ரோலர் தானாகக் குறைத்தால் தப்பித்தோம், இல்லையென்றால் அந்த இடத்தில் பல்லுக்கு விழும் அளவு திடீரென்று கூடும். ஃபியூஷனில் 'ஃபீட் ஆப்டிமைசேஷன்' என்ற பகுதி இருக்கிறது. அதை இயக்கி, மூலையில் குறைந்த ஃபீட்டைக் கொடுங்கள். ஆபரேட்டர் அண்ணன் கையால் செய்துகொண்டிருக்கும் வேலையை, தேவைப்படும் ஆபரேஷனில், தேவைப்படும் இடத்தில் மட்டும் ப்ரோக்ராம் செய்துகொடுக்கும்.

தரைக்கு என்ன டூல்பாத்? இங்கேதான் டூ-டி பாக்கெட் திரும்ப வருகிறது. அடாப்டிவ் ஓடிய தரையைப் பார்த்திருப்பீர்கள், பிறை பிறையாகக் கோடு விழுந்திருக்கும். மிச்சமிருக்கும் 0.3 மி.மீ.யை டூ-டி பாக்கெட் ஒரே இறக்கத்தில் எடுத்தால், கோடுகள் ஒழுங்காகச் சுவரோடு ஒட்டி ஓடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். 0.3 மி.மீ. ஆழத்தில் மூலைக் கோணம் 180 ஆனாலும் ஒன்றும் ஆகாது. சுவருக்கு விட்ட 0.3-ஐ இந்த ஆபரேஷனிலும் தொடாமல் அப்படியே விட்டு வையுங்கள், தரையும் சுவரும் ஒரே நேரத்தில் டூலைத் தொட வேண்டாம்.

"எல்லாத்துக்கும் அடாப்டிவ்" என்று சொன்னவர்களிடம் நான் உடன்படாதது இந்த இடத்தில்தான். ஒன்றரை, இரண்டு மி.மீ. ஆழப் பாக்கெட்டுக்கு அடாப்டிவ் போட்டால், ஆழத்தால் கிடைக்கும் லாபம் எதுவும் இல்லாமல் வெற்று ஓட்டம் மட்டும் மிஞ்சும். டூல் விட்டத்தில் பாதிக்கும் குறைவான ஆழம் என்றால் நான் முதலில் டூ-டி பாக்கெட்டைத்தான் போட்டுப் பார்ப்பேன். விட்டத்தைத் தாண்டிய ஆழம் என்றால் யோசிக்காமல் அடாப்டிவ். இடைப்பட்டதற்கு இரண்டையும் அதனதன் சரியான எண்களோடு போட்டு நேரத்தை ஒப்பிடுங்கள். மெஷினையும் பார்க்க வேண்டும். அடாப்டிவ் ப்ரோக்ராமில் சின்னச் சின்ன வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பழைய கன்ட்ரோலர் அவ்வளவு வேகமாக வரிகளைப் படிக்க முடியாமல் தயங்கித் தயங்கி ஓடும், மெஷின் நடுங்கும், சிமுலேஷன் காட்டிய நேரத்துக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அப்படி நடந்தால் ஸ்மூத்திங்கை இயக்கி, ரஃபிங்கின் டாலரன்சை (பாதை விலக அனுமதிக்கும் அளவை) கொஞ்சம் தளர்த்துங்கள். 0.3 மி.மீ. விட்டு வெட்டும் ஆபரேஷனுக்கு 0.02 தாராளம். வரிகள் வளைவுகளாகச் சேர்ந்து ப்ரோக்ராம் சுருங்கும். ஃபானுக் கன்ட்ரோலரில் முன்கூட்டியே வரிகளைப் படிக்கும் வசதி இருந்தால், ஜி05.1 க்யூ1 என்ற கட்டளை உங்கள் போஸ்ட்டில் (டூல்பாத்தை மெஷினுக்குப் புரியும் வரிகளாக மாற்றும் நிரலில்) வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். மூலையில் 5 மி.மீ. ஆரம் உண்மையிலேயே தேவையா, அதற்குள் ஏதாவது பொருந்தி உட்கார்கிறதா, அல்லது வரைந்தவர் ஒரு எண் போட வேண்டுமே என்று போட்டதா? பல நேரம் அங்கே எதுவும் உட்காராது. 6 அல்லது 7 ஆக்கச் சம்மதித்தால், சுவரின் ஃபினிஷிங்கை 10 மி.மீ. டூலாலேயே ஒரே இறக்கத்தில் முடித்துவிடலாம். 8 மி.மீ. டூல் வாய்க்காலுக்கு மட்டும் போதும். இந்த ஜாப் மாதாமாதம் திரும்ப வரக்கூடியது என்றால், விலை பேசும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.